பெட்டி போன வீடுகளுக்கு வாழ்த்து வேண்டாம், பாண்டி

பாண்டி,

மேலே பிள்ளையார் சுழி போடலாமா, கூடாதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா போய் இன்னும் வருசம் திரும்பவில்லை. ஆனால் இது சாவுக் கடுதாசி இல்லையே, என் மகனுக்கு நான் எழுதுகிறது. போட்டுவிட்டேன். தப்பென்றால் சாமி என்னைக் கேட்கட்டும், உன்னைக் கேட்க வேண்டாம்.

நீ காலேஜுக்காகக் கௌசியை என்னிடம் விட்டுவிட்டு, செல்வியைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் ரெண்டாவது கடை போடப் போனதிலிருந்து நாம் ரெண்டு பேரும் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததில்லை. போனில் கூப்பிட்டால், "அம்மா, இன்னொரு லைன் வருது, வச்சிர்றேன்" என்கிறாய். நம்ம தொழிலில் வருகிற லைன் எப்படிப்பட்ட லைன் என்று எனக்குத் தெரியாதா. நானும் வைத்துவிடுகிறேன். கடுதாசியில் லைன் குறுக்கே வராது, அதனால் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாசோடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. படித்துவிட்டு செல்வியிடமும் கொடு, ஒளித்து எழுதுகிறது ஒன்றும் இல்லை. நம்ம கருப்பையா வண்டியில் சேர் ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் நீ போனில் சொன்னாயே, இந்தத் தீபாவளிக்கும் மெசேஜ் விடப் போகிறேன், போன வருசம் மதுரைக்கு மட்டும் விட்டோம், இந்த வருசம் திண்டுக்கல்லுக்கும் சேர்த்து, செல்லில் இருக்கிற அத்தனை நம்பருக்கும், மெசேஜ் கம்பெனிக்காரனிடம் பேசியாகிவிட்டது, தீபாவளி அன்று காலையில் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினால் போதும் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சோறு இறங்கவில்லை. அனுப்பாதே என்று சொல்லத்தான் இம்புட்டும் எழுதுகிறேன். ஒரே வார்த்தையில் அனுப்பாதே என்றால் நீ கேட்கப்போவதில்லை. "ஒனக்கு என்னம்மா தெரியும் விளம்பரத்தப் பத்தி" என்பாய். தெரியாதுதான். அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே முடிவு பண்ணு.

நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நம்மிடம் இருந்தது பந்தல் சாமானும் இரும்புச் சேரும் நாலு அண்டாவும்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று விளாங்குடியில் யார் வீட்டு விசேசம் என்றாலும் உங்கப்பா பந்தல்தான். செத்தவர்களைக் கிடத்துகிற ஃப்ரீசர் பெட்டி வாங்கலாம் என்று அவர் சொன்ன அன்றைக்கு நான் எப்படிச் சண்டை போட்டேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போகிற சாமான் இருக்கிற இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் நான் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். அவர் மல்லுக்கு நிற்கவில்லை. பெட்டிக்குத் தனியாக ஒரு தகரச் செட்டு பிடித்தார். தனியாக ஒரு வண்டி. வீட்டு லைன் போன் பந்தலுக்கு, அவர் செல்போன் பெட்டிக்கு. பந்தல் கார்டில் பெட்டி என்கிற சொல்லே கிடையாது, பெட்டி கார்டில் பந்தல் கிடையாது. "நல்லதுக்குக் கூப்புடுற வாயும் கெட்டதுக்குக் கூப்புடுற வாயும் ஒண்ணா இருக்கலாம்த்தா. ஆனா நம்பர் ஒண்ணா இருக்கக் கூடாது" என்பார். ரெண்டும் ஒரே வீடு என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க ஊருக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உனக்குத் தெரியும், ஆனால் நீ யோசித்திருக்க மாட்டாய். பெட்டியை இறக்கப் போகிற கருப்பையா அந்த வீட்டில் யாரையும் "வணக்கம்" சொல்லிக் கும்பிட மாட்டான். திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்ல மாட்டான். பந்தல் பிரித்துவிட்டு வரும்போது எத்தனை தடவை சொல்வான், "வாரேன்க்கா, வாரேன்ணே, அடுத்த விசேசத்துக்கும் சொல்லி விடுங்க" என்று. பெட்டி வீட்டில் மட்டும் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவான். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான், ஆனால் நமக்கு அது தொழிலே. மற்ற கடைக்காரன் எல்லாம் மறுபடி வாங்க என்று சொல்லிப் பிழைக்கிறான். நாம் மறுபடி வர மாட்டோம் என்று காட்டிப் பிழைக்கிறோம்.

உன் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. உங்கப்பா ஆரம்பித்தபோது இந்தப் பக்கம் பெட்டி வைத்திருந்தது நாம் மட்டும்தான். இப்போது இதே ரோட்டில் எத்தனை பேர். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற வண்டிக்காரர்களுக்குக் கமிசன் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள். உசுரு இருக்கா இல்லையா என்று டாக்டர் சொல்வதற்கு முன்னாடியே கார்டை நீட்டுகிறார்கள். நீ அந்த வேலைக்குப் போக மாட்டேன் என்றாய் பார், அன்றைக்கு நான் எம்புட்டு சந்தோசப்பட்டேன் தெரியுமா. கமிசன் கொடுக்காமல் நம்ம பேர் எப்படி ஊருக்குத் தெரியும் என்று யோசித்துத்தான் நீ கம்ப்யூட்டர் பக்கமும் மெசேஜ் பக்கமும் போனாய். அது தப்பே இல்லை. பயம் எனக்கு அந்த மெசேஜில்தான். கம்ப்யூட்டரில் இல்லை.

ஏனென்றால் கம்ப்யூட்டரில் உன் மகள் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போன வருசம் ஆவணியில் கௌசி காலேஜ் விட்டு வரும்போது என்னையும் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அப்பத்தா, ஊருல இருக்க கடையெல்லாம் ஒரே எடத்துல போட்டு வச்சிருக்க பக்கம் இது. நம்மளயும் சேக்கப் போறேன்" என்றாள். நீ எழுதிக் கொடுத்திருந்தாய், மதுரையின் நம்பர் ஒன், நாணயமான, சிறந்த சேவை என்று நாலு வரி. அவள் அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா. "அப்பத்தா, இதத் தேடுறவுக அழுதுக்கிட்டே தேடுவாக. அவுகளுக்கு நாம நம்பர் ஒன்னா நம்பர் டூவான்னா வேணும்? போன் நம்பர் மேல இருக்கணும். எந்தெந்த ஏரியாவுக்கு வருவோம், எம்புட்டு நேரத்துல வருவோம், கரண்டு போனா என்ன செய்வோம். இம்புட்டுதான்." மணிக்கணக்கில் கரண்டு போய்க்கொண்டிருந்த சமயம் அது. கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அழுகைக்கு நடுவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஜெனரேட்டர் கூடவே வரும் என்று அவள் தட்டினாள். பந்தலுக்குத் தனிப் பக்கம், பெட்டிக்குத் தனிப் பக்கம். பந்தல் பக்கத்தில் வீட்டு நம்பர், பெட்டிப் பக்கத்தில் உங்கப்பா செல் நம்பர். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பாண்டி. அவள் தாத்தா செய்வதைப் பார்த்தே வளர்ந்தவள். சென்டர்காரப் பையன் எட்டிப் பார்த்து, "எதுக்குக்கா ரெண்டு தடவ போடுறீங்க, ஒண்ணாவே போட்டா ஈசி" என்றான். "ஒனக்கு ஈசி, எங்க கஸ்டமருக்கு ஈசி இல்ல" என்றாள். என் பேத்தி என்று அந்தச் சென்டரில் இருந்த எல்லாரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. ரெண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்து வந்த முதல் போன் அமெரிக்காவிலிருந்து வந்தது. உங்கப்பா குளிக்கப் போயிருந்தார், அவர் செல்லை நான் எடுத்தேன். "அம்மா, நான் அமெரிக்காவுல இருந்து பேசுறேன். எங்கப்பா வண்டியூர்ல… தெப்பக்குளத்துக்குப் பக்கத்துல வீடு… காலைல…" என்று ஒரு பையன். வீட்டில் அம்மாவும் வயசான ஒரு சித்தியும் மட்டும்தானாம், அவன் அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தேடி நம்மைப் பிடித்திருக்கிறான். நான் வீட்டு அடையாளத்தை மட்டும் கேட்டேன். "பெட்டி இப்பக் கெளம்பிரும் தம்பி. கரண்டு போனாலும் பயமில்ல. நீ வந்து சேர்ற வரைக்கும் எங்காளு ஒருத்தரு அங்கனயே இருப்பாரு" என்றேன். "அம்மா, நான் வர ரெண்டு நாளாகும்மா" என்றான். பத்திரமாக வா என்று சொல்ல வாய் வரை வந்தது. துக்கத்துக்கு வருகிறவனை வா என்று கூப்பிடலாமா என்று பயந்து, "சரி தம்பி" என்று மட்டும் சொன்னேன். கடல் தாண்டி இருக்கிற ஒரு பிள்ளை நம்ம விளாங்குடி செட்டைக் கண்டுபிடித்துவிட்டான். அன்றைக்கு உங்கப்பா கௌசிக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். அந்த விளம்பரத்தை நான் குறை சொல்வேனா. அது யார் வீட்டுக் கதவையும் போய்த் தட்டவில்லை. வேண்டும் என்று தேடி வந்தவனுக்கு, இந்தா இருக்கிறேன் என்று பதில் சொன்னது.

அதுக்கடுத்து வந்த தீபாவளியில்தான் நீ மெசேஜ் விட்டாய். உங்கப்பா செல்லுக்கு வந்த பெட்டி நம்பர்களையும் நீ உன் செல்லில் ஏற்றி வைத்திருந்தாய். கம்பெனிக்காரன் அதில் இருந்த நம்பரை எல்லாம் ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டான். தமிழில் அனுப்பினால் பாதிப் போனில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தீர்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்தோம், உங்கப்பா செல்லுக்கும் வந்தது. கௌசி வாசித்துக் காட்டினாள். "இனிய தீபாவளி நல்வாழ்த்துக்கள். பந்தல், சேர், பாத்திரம், ஃப்ரீசர் பாக்ஸ் அனைத்துக்கும் ஒரே இடம். தொடர்ந்து உங்கள் நல்லாதரவை எதிர்பார்க்கிறோம்." கீழே கடைப் பேர். உங்கப்பா சிரித்தார். "எம் மகன் எனக்கே வாழ்த்து அனுப்பியிருக்கான் பாருத்தா. தொடர்ந்து ஆதரவு வேணுமாம். குடுத்துருவோம்" என்றார். நானும் சிரித்தேன். யார் யாருக்குப் போயிருக்கும் என்று அப்போது எங்கள் ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை.

டீக்கடையில் உன் சேக்காளிகள் கேலி பண்ணினது உனக்கே தெரியும். "என்ன மாப்ள, தீபாவளித் தள்ளுபடி எதுவும் உண்டா? இப்பவே புக் பண்ணிட்டா அப்புறமா வந்து படுத்துக்கலாமா?" என்று ஒருத்தன். "பந்தலோட சேத்து எடுத்தா பெட்டி இலவசமாம்டா" என்று இன்னொருத்தன். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாயாம். உங்கப்பா அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர் பாதிக் கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

பரவையிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். தை மாசக் கல்யாணத்துக்கு நம்மிடம் பந்தல் சொல்லியிருந்தவர்கள். சண்டைக்கு வரவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, ஒங்கட்ட அந்தப் பெட்டி இருக்கது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் பந்தல் சொன்னேன். ஆனா அத எழுதி எம் போனுக்கு அனுப்பணுமாக்கா? சம்பந்தி வீட்டாளுக பலகாரம் கொண்டாந்து உக்காந்திருக்காக. எம் மக ஏதோ வாழ்த்துன்னு சத்தமா வாசிக்கிறா. பாதியில நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாக்குறா" என்றார்கள். அந்தக் கல்யாணத்துக்கு நம்ம பந்தல்தான் போட்டோம். சொன்ன சொல்லை மாற்றாதவர்கள். அந்த மகளுக்கு வளைகாப்பு வந்தபோது பந்தல் வேறு யாரோ போட்டிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது நானே பார்த்தேன்.

இவ்வளவும் உனக்குக் கொஞ்சமாவது தெரியும். இனிச் சொல்லப் போகிறது தெரியாது. உங்கப்பா சொல்வதாக இருந்தார், சொல்லாமலே போய்விட்டார்.

அதே தீபாவளி அன்று மத்தியானம் கூடல்நகரிலிருந்து ஒருத்தர் வந்தார். ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர். ஆடியில் அவர் வீட்டம்மா இறந்தபோது நம்ம பெட்டிதான் போனது. நீ செல்வியோடு மாமியார் வீட்டுக்குத் தீபாவளி முறைக்குப் போயிருந்தாய். கடையில் நானும் உங்கப்பாவும் கௌசியும்தான். கைக்குட்டையில் எதையோ சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால் ஒரு சின்ன செல்போன். "இதுல ஒரு மெசேஜ் வந்திருக்கு. என்னன்னு கொஞ்சம் வாசிங்களேன்" என்றார். ரயில்வேக்காரருக்கு வாசிக்கத் தெரியாதா. கௌசி வாங்கி வாசித்தாள். ஃப்ரீசர் பாக்ஸ் என்கிற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். "நிறுத்தாதம்மா, முழுசா வாசி" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தொடர்ந்து உங்கள் நல்லாதரவை எதிர்பார்க்கிறோம் என்பது வரைக்கும் வாசித்து முடித்தாள்.

உங்கப்பா எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு நடந்துபோச்சுங்கய்யா" என்றார். வந்தவர் திட்டியிருந்தால் தேவலை. சேரில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். "இது எம் பொண்டாட்டி போனு. அன்னைக்கு அவசரத்துல கைக்குக் கெடச்சது இதுதான், இதுல இருந்துதான் ஒங்களக் கூப்புட்டேன். அப்பறம் அணைக்க மனசு வரல, சார்ஜ் போட்டே வச்சிருக்கேன். இன்னைக்குக் காலைல இருந்து எங்க வீட்டுக்கு ஒரு போனும் இல்ல. துக்க வீட்டுக்கு யாரு வாழ்த்துச் சொல்லுவா, அது சரிதான். நான் அடுப்படியில வெந்நி வச்சுக்கிட்டு இருந்தேன். இந்தப் போனு டிங்குனு அடிச்சுச்சு. அவளத்தான் யாரோ கூப்புடுறாகன்னு ஓடியாந்தேன். அடுப்பக்கூட அணைக்கல." கைக்குட்டையை மடியில் வைத்து மடித்தார். "அழிக்கவும் மனசு வரல, வச்சிருக்கவும் முடியல. அதான் கொண்டாந்தேன். நீங்க அனுப்புனது, நீங்களே அழிச்சிருங்க" என்று போனை உங்கப்பாவிடம் நீட்டினார்.

உங்கப்பாவுக்கு அழிக்கத் தெரியவில்லை. கௌசி பட்டனைக் காட்டிக் கொடுத்தாள், அவர் விரலை வைத்து அமுக்கினார். அந்த ஐயா போனை வாங்கி மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்து போனார். வாரேன் என்று சொல்லவில்லை. நம்ம கடையிலிருந்து அப்படி ஒருத்தர் கிளம்பிப் போனது அன்றைக்குத்தான்.

அன்று பொழுது சாய நீ வந்தாய், சந்தோசமாக வந்தாய். "அப்பா, மெசேஜப் பாத்துட்டு மூணு பேரு பந்தலுக்குக் கூப்புட்டாங்கப்பா" என்றாய். உங்கப்பா உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியாப்பா, நல்லது" என்றார். உள்ளே வந்து என்னிடம், "நல்ல நாளும் அதுவுமா வேணாம். அவன்ட்ட நான் சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத" என்றார். பொங்கல் வந்தது, சொல்லவில்லை. சித்திரைத் திருவிழா வந்தது, சொல்லவில்லை. வைகாசியில் அவரே போய்விட்டார்.

அவருக்கும் நம்ம பெட்டிதான் வந்தது. கருப்பையாதான் கொண்டுவந்தான். நம்ம வீட்டில் நித்தம் சாப்பிடுகிறவன், வாசலில் நின்றுகொண்டே "அம்மா, வாரேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டுப் போகிறவன். எல்லாம் முடிந்து பெட்டியை வண்டியில் ஏற்றினான். வாசலைத் திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்போதுதான் எனக்கு உங்கப்பா போய்விட்டார் என்று உறைத்தது. அதுவரை கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் அழுதுகொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் போகிறதில் எம்புட்டு மரியாதை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இத்தனை வருசம் எத்தனையோ வீட்டில் நாம் அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். அதே வீடுகளுக்கு, நல்ல நாள் அன்று காலையில், எல்லாருக்கும் முன்னாடி போய், "வாரேன், தொடர்ந்து வாரேன்" என்று சொல்கிறது உன் மெசேஜ். கூடல்நகர் ஐயாவும் அன்றைக்கு நம்ம வீட்டுக்கு வந்திருந்தார். பின்னாடி ஒரு சேரில் உட்கார்ந்திருந்தார். யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனார்.

கௌசியிடம் கேட்டேன், பெட்டி நம்பரை மட்டும் தனியாக எடுக்க முடியாதா என்று. "முடியும் அப்பத்தா, அப்பா எல்லாத்தையும் பெட்டி ஆரப்பாளையம், பெட்டி செல்லூருன்னுதான் போட்டு வச்சிருக்காரு. அத மட்டும் விட்டுட்டு மத்தவங்களுக்கு அனுப்பலாம்" என்றாள். அதை அடுத்த வருசம் செய். பந்தல் போட்ட வீடுகளுக்கு, பந்தலை மட்டும் எழுதி, தாராளமாக அனுப்பு. திண்டுக்கல் கடையையும் கௌசியை விட்டுக் கம்ப்யூட்டரில் ரெண்டு பக்கமாகப் போடச் சொல். இந்த வருசம் யாருக்கும் வேண்டாம். நம்ம வீட்டிலேயே எண்ணெய்ச் சட்டி ஏறாது. அக்கம்பக்கத்தார் கொடுத்து விடுகிற பலகாரத்தைத்தான் கௌசி தின்னப் போகிறாள். கடைக்குத் துக்கம் ஏது என்று நீ கேட்பாய். கடைப் பேரே உங்கப்பா பேர்தானே, பாண்டி. அந்தப் பேர் போட்டு இந்த வருசம் எப்படி வாழ்த்து அனுப்புவாய்?

நீ கோபப்படுவாயோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பிவிடுவாயோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. கம்பெனிக்காரனிடம் சொல்லியாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது என்று ஏதாவது சொல்லிவிடுவாயோ என்றும் இருக்கிறது. அதனால் கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

திண்டுக்கல்லுக்குப் போனபோது பெட்டிக்கு உன் நம்பரை மாற்றிவிட்டாய். சரிதான், நான் எத்தனை நாளைக்கு எடுப்பேன். உங்கப்பா செல்லுக்கு இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் நான் அதை அணைக்கவில்லை. என் தலைமாட்டில்தான் இருக்கிறது, கௌசியிடம் சொல்லி சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீயும் அந்த நம்பரை உன் செல்லில் அழிக்கவில்லையாம். ஆயுதபூசைக்கு நீ வந்திருந்தபோது அவள் பார்த்திருக்கிறாள். "இங்கிலீஷ்ல அப்பான்னு போட்டிருக்குல்ல, அதனால வரிசையில மொதல்ல அதுதான் நிக்குது அப்பத்தா" என்றாள்.

அப்படியென்றால் நீ பட்டனை அமுக்கினால் முதல் மெசேஜ் இங்கேதான் வரும். தீபாவளி அன்று காலையில் நானும் அடுப்படியில்தான் இருப்பேன். டிங் என்று கேட்டதும் நானும் ஓடித்தான் வருவேன், என்னால் நடந்து வர முடியாது. அந்த ஐயாவுக்காவது கொண்டுபோய்க் கொடுத்து அழிக்கச் சொல்ல ஒரு கடை இருந்தது. நான் யாரிடம் கொண்டுபோவேன்?

அன்றைக்கு நீ கூப்பிடு, பாண்டி. வீட்டு நம்பருக்கு வேண்டாம், உங்கப்பா நம்பருக்கே கூப்பிடு. வாழ்த்து ஒன்றும் சொல்ல வேண்டாம். சாப்பிட்டியாம்மா என்று மட்டும் கேள். நடுவில் இன்னொரு லைன் வந்தால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், வைத்துவிட்டு அந்தப் போனை எடு. யார் வீட்டிலோ அழுதுகொண்டு நிற்பார்கள்.

கருப்பையா வண்டியை எடுத்துவிட்டான், வாசலில் நின்று ஆரன் அடிக்கிறான். செல்வியைக் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா